எழுவான்கரைச் சிறாரும் விஞ்ஞானக் கல்வியும்: ஓராண்டுப் பாட ஒழுங்கு

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெருவை அடுத்து அமைந்த ஊர் குருக்கள்மடம். கிழக்கே கடலும் மேற்கே வாவியும் எல்லையாக, இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் அவ்வூரும் அதன் அயலூர்களும் நிரையாக அமைந்துள்ளன. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை எனவும் மேல்கரை படுவான்கரை எனவும் வழங்கும். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் இடப்பெயரிலேயே பொறித்து வைத்த மக்கள், இயற்கையைக் கூர்ந்து நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. அம்மக்களின் பிள்ளைகளுக்கு, ஐந்து முதல் பத்து வயது வரையிலான பருவத்தில், விஞ்ஞானத்தை எவ்வாறு, எவ்வொழுங்கிற் கற்பித்தல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இலங்கையில் 1999ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம், ஆரம்ப வகுப்புகளில் விஞ்ஞானத்தைத் தனிப் பாடமாக வைக்காது, ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடத்துள் அடக்கியது. விளையாட்டும் செயலும் எழுத்தும் கலந்து கற்பித்தல் வேண்டுமென அது வகுத்தமை நன்றே. ஆயினும் ‘சுற்றாடல்’ என்பது இடத்துக்கு இடம் வேறுபடுவது. கொழும்பிலே மே மாதம் பெருமழைக் காலம். மட்டக்களப்பிலோ அது வெயிலும் வறட்சியும் தொடங்கும் காலம். கிழக்குக் கரைக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. அம்மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரையிலேயே பொழிகின்றது. எனவே நாடு முழுவதற்கும் பொதுவாகிய நூலின் வரிசையை ஆசிரியர் அவ்வாறே பின்பற்றுவாராயின், மழையைப் பற்றிய பாடம் மழையில்லாத நாளிலும், வெயிலைப் பற்றிய பாடம் வெள்ளம் நிற்கும் நாளிலும் வந்து சேரக்கூடும். அந்நிலையில் பிள்ளை காண்பது ஒன்று, மனனஞ் செய்வது பிறிதொன்று. விஞ்ஞானம் என்பது கண்ணால் ஆராயும் பொருளன்று, நூலிலிருந்து ஒப்புவிக்கும் பொருள் என்னும் தவறான எண்ணம் அங்கேதான் வேரூன்றுகின்றது.

இக்குறையைப் பிற நாட்டாரும் உணர்ந்திருந்தனர். அமெரிக்காவின் நியூயோர்க்கு மாநிலத்தில் 1890களில் வேளாண்மை நலிவுற்று, நாட்டுப்புற மக்கள் நகரங்களை நாடிச் சென்றபோது, கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்கள் கிராமப் பள்ளிகளில் இயற்கை நோக்குக் கல்வியைப் பரப்பினர். அவர்களுள் ஒருவராகிய அன்னா பொட்சுபோட் கொம்சுரொக்கு அம்மையார் ஆசிரியர்க்கென எழுதிய கைந்நூல் 1911இல் வெளிவந்தது. பின்னர் 1956இல் யுனெஸ்கோ நிறுவனம், விலையுயர்ந்த கருவிகள் இல்லாத பள்ளிகளில் கையிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சோதனைகள் செய்யும் வகையைத் தொகுத்து வெளியிட்டது. தகரப் பேணி, போத்தல், கயிறு, கோல் ஆகியவையே ஆய்வுகூடமாகலாம் என்பதே இவற்றின் சாரம்.

ஆண்டுத் திட்டத்தின் அடிப்படைகள்

ஆண்டு முழுவதற்குமான திட்டம் வகுக்கும் ஆசிரியர் நான்கு நெறிகளை மனத்திற் கொள்ளல் நலம். முதலாவது, பருவமே பாடத்தின் வரிசையைத் தீர்மானித்தல் வேண்டும். இரண்டாவது, ஒரு கிழமைக்கு ஒரு வினாவே போதும். அவ்வினா பிள்ளைகள் தாமே செய்து விடை காணத்தக்கதாதல் வேண்டும். மூன்றாவது, சில அளவீடுகள் ஆண்டு முழுவதும் இடையறாது தொடர்தல் வேண்டும். ஒரு நாளில் விளங்காத மாற்றம் ஓராண்டில் விளங்கும். நான்காவது, ஒவ்வொரு தவணைக்கும் பத்துக் கிழமைக்கு மட்டுமே புதுப் பாடம் வகுத்து, எஞ்சிய நாள்களை மீட்டலுக்கும், மழையாலும் விழாக்களாலும் தவறிய பாடங்களுக்கும் ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

முதலாம் தவணை: நீரும் வித்தும்

சனவரியில் வாவி நிறைந்திருக்கும். மழைக்கால வெள்ளம் மிகும்போது, கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டை வெட்டி நீரைக் கடலில் விடுவதை ‘ஆற்றுவாய் வெட்டுதல்’ என்பர். ஆற்றுவாய் திறந்திருக்கும் காலமும் அடைபட்டிருக்கும் காலமும் வாவி நீரின் உவர்ப்பை மாற்றுகின்றன. இதனைப் பிள்ளைகள் அளந்தறிதல் எளிது. மெல்லிய குச்சியொன்றின் அடியிற் களிமண் உருண்டையைப் பொருத்தி, அது நிமிர்ந்து மிதக்குமாறு செய்து, கிணற்று நீரிலும் வாவி நீரிலும் கடல் நீரிலும் முறையே இட்டால், உவர்ப்பு மிகுந்த நீரில் அது குறைவாக அமிழும். அமிழ்ந்த அளவைக் கோடிட்டு வைக்கலாம். களிமண் கரையாதிருக்க மெழுகு பூசுதல் நன்று. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புளது; சிறிது கடல்நீரைத் தட்டில் வெயிலில் வைத்தால் எஞ்சும் உப்பு அவ்வுண்மையைக் காட்டும். மாதந்தோறும் பெரியவர் ஒருவர் எடுத்து வந்த வாவி நீரை இவ்வாறு சோதித்துச் சுவரில் தொங்கும் படத்திற் குறித்துவரின், ஆண்டிறுதியில் வாவியின் வரலாறே அங்கு வரையப்பட்டிருக்கும்.

பெப்புருவரி, மார்ச்சு மாதங்களிற் படுவான்கரை வயல்களில் பெரும்போக நெல் அறுவடையாகும். இதுவே வித்தைப் பற்றிய பாடத்துக்கு உரிய காலம். நெல்லையும் பயற்றையும் ஈரத் துணியில் முளைக்க வைத்து, ஒரு பங்கை உலர்ந்த துணியிலும், ஒரு பங்கை ஈரத்துடன் இருட்டிலும் வைத்து ஒப்பிடச் செய்யலாம். உலர்ந்தவை முளையா, இருட்டில் வைத்தவை முளைக்கும், ஆனால் வெளிறி நீளும். முளைத்தற்கு நீர் வேண்டும், பசுமை பெறுதற்கு ஒளி வேண்டும் என்பதை ஆசிரியர் கூறாமலே பிள்ளைகள் கூறுவர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாது வைத்தல் என்னும் பெரும் விஞ்ஞான நெறி, ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வாறே கைவரும்.

இரண்டாம் தவணை: வெயிலும் காற்றும் ஒலியும்

மே முதல் ஓகத்து வரை கச்சான் காற்று நிலத்தை உலர்த்தும். இத்தவணையின் முதன்மையான கருவி ஒரு மீற்றர் நீளமுள்ள நேரான கோல். அதனை முற்றத்தில் நாட்டி, நண்பகலை அண்டி விழும் மிகக் குறுகிய நிழலை அளக்கச் செய்தல் வேண்டும். குருக்கள்மடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஏழரைப் பாகையில் உள்ளது. ஆதலின் ஞாயிறு ஏப்பிரில் 9ஆந் திகதியளவிலும் செப்டெம்பர் 3ஆந் திகதியளவிலும் அவ்வூருக்கு நேர் உச்சியில் வருகின்றது. அவ்விரு நாள்களிலும் நாட்டிய கோலுக்கு நண்பகலில் நிழலில்லை. இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும். யூன் 21இல் அதன் நீளம் ஏறக்குறைய 28 சென்ரிமீற்றர். திசெம்பர் முற்பகுதியிலோ நிழல் வடக்கே ஏறக்குறைய 56 சென்ரிமீற்றர் நீளும். குளிர்நாடுகளுக்கென எழுதப்பட்ட நூல்கள் நண்பகல் நிழல் எப்பொழுதும் வடக்கே விழும் என்னும். எழுவான்கரைப் பிள்ளை தன் கோலைக் கொண்டே அக்கூற்றின் எல்லையை அறிந்துகொள்ளும்.

வைகாசியில் மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகையம்மன் ஆலயங்களிற் சடங்கு நிகழ்ந்து, குளிர்த்தியுடன் நிறைவெய்தும். வெம்மை மிகுந்த அக்காலத்திற் குளிர்ச்சி பற்றிய பாடம் பொருந்துவது. ஒரே அளவான இரு போத்தல்களில் நீர் நிரப்பி, ஒன்றை ஈரத் துணியாற் சுற்றிக் காற்றுப்படும் நிழலில் வைத்தால், அதன் நீர் மற்றையதிலும் குளிர்ந்திருக்கும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. மண்பானை நீர் குளிர்வதன் காரணமும் இதுவே.

கிணற்று நீர்மட்டத்தை முடிச்சிட்ட கயிற்றால் ஆசிரியர் அளக்க, பிள்ளைகள் அதனைக் குறித்துவரலாம். மணலூர்க் கிணறுகளின் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. கண்ணாடிப் பாத்திரத்தில் நிறமூட்டிய உப்புநீரை இட்டு, அதன்மேல் நன்னீரை மெல்ல வார்த்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். கலக்கினால் முழுவதும் உவர்க்கும். கிணற்றை அளவுக்கு மேல் இறைத்தலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டா. 2004இல் கடல்நீர் புகுந்த கிணறுகளைத் தூய்மை செய்யவெனப் பெரிதும் இறைத்தபோது, சில இடங்களில் உவர்நீர் மேலெழுந்து கேடு மிகுந்தமை இவ்வுண்மையை நன்கு உணர்த்திற்று.

கடற்கரையில் இராவணன் மீசையின் வித்துத் தலைகள் காற்றில் உருண்டோடுவதும், அடம்பன் கொடி மணலைப் பற்றி நிற்பதும், தேங்காய் நீரில் மிதப்பதும் வித்துப் பரவும் வகைகளைக் காட்டும்.

ஒலி பற்றிய பாடத்துக்கு மட்டக்களப்பு வாவியே துணை. 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் அங்கு வந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் தெனந்து, வாவியின் அடியிலிருந்து எழும் இன்னொலியைத் தாமே கேட்டார். ஓடத்தின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி மிகுந்தது என அவர் எழுதியுள்ளார். மீனவர் அதனை ஊரியின் ஒலி என்றனர். பாடும் மீன் என்பதும் நெடுநாள் வழக்கு. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த தம் யாழ் நூலில் இவ்வொலியைப் போற்றியுள்ளார். அவ்வொலியை எழுப்பும் உயிர் யாதென்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளை மேசையின் ஒரு முனையை மெல்லச் சுரண்ட, மற்றொரு பிள்ளை மறுமுனையிற் காதை வைத்துக் கேட்குமாயின், மரம் ஒலியை நன்கு கடத்தும் என்பது புலப்படும். தம் ஊரின் விந்தையொன்று இன்னும் முற்றும் விடை காணப்படாத வினா என்று அறிவது, பிள்ளைகளின் உள்ளத்தை ஊக்குவிப்பதாகும்.

மூன்றாம் தவணை: மழையும் பாதுகாப்பும்

செப்டெம்பர்த் தொடக்கத்தில் நிழலற்ற நண்பகலை மீண்டும் கண்டபின், மழைக்கு ஆயத்தமாதல் வேண்டும். அடியும் வாயும் ஒரே அகலமுடைய தகரப் பேணியே மழைமானி. அதில் நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் அளப்பதே மழையின் அளவு. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். பள்ளிக் கூரையில் விழும் நீர் எத்தனை குடம் என்று கணக்கிடச் செய்யின், கணிதமும் விஞ்ஞானமும் ஒருங்கே பயிலப்படும். கச்சான் நின்று வாடை வீசத் தொடங்கும் நாளைக் காகிதக் காற்றாடியே காட்டும்.

மூடிய போத்தலில் நுளம்புக் குடம்பிகளை வைத்து நோக்கினால், முட்டையிலிருந்து நுளம்பு பறக்கும் வரை ஏறக்குறைய ஒரு கிழமை முதல் பத்து நாள் வரை செல்லும் எனக் காணலாம். தேங்கிய நீரைக் கிழமைக்கு ஒரு முறை கொட்டிவிடுதல் டெங்குக் காய்ச்சலைத் தடுக்கும் என்பதன் காரணம் இதுவே.

1978 நவெம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும், 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையும் இத்தவணையிற் கற்பிக்கத்தக்கன. அச்சமூட்டுவதற்கன்று, உயிர் காப்பதற்கே. அப்பேரலை நாளில், தாய்லாந்தின் மைக்காவோ கடற்கரையில் நின்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி தில்லி சிமித்து, சில நாள் முன் வகுப்பிற் கற்ற பாடத்தை நினைந்து, கடலின் வழக்கத்துக்கு மாறான தோற்றத்தை உணர்ந்து எச்சரித்தமையால் அங்கிருந்தோர் உயிர் பிழைத்தனர். ஆரம்பப் பாடம் ஒன்றின் பயன் இத்துணைப் பெரிது.

ஆயினும் அப்பாடத்தை அவ்வாறே பெயர்த்துக் கற்பித்தல் ஆகாது. நிலநடுக்கப் பிளவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்தில் கடல் முதலிற் பின்வாங்கிற்று. மேற்கே இருந்த இலங்கையின் கிழக்குக் கரைக்கு, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துள், முதலில் வந்தது நீரின் உயர்ச்சியே. பின்வாங்கலும் வேறு அலைகளும் அதன் பின்னரே. ‘கடல் பின்வாங்கினால் ஓடுக’ என்று மட்டும் கற்ற எழுவான்கரைப் பிள்ளை, அவ்வடையாளத்தை எதிர்பார்த்தே நின்றுவிடக்கூடும். கடல் ஏறினும் இறங்கினும், வழக்கத்துக்கு மாறாயின் உடனே அகல்க. முதல் அலை தணிந்ததென்று மீண்டு வாராதிருக்க. இவையே கற்பிக்க வேண்டியன. பின்புறம் வாவி இருத்தலின், எவ்வழியாக எவ்வுயரிடத்தை அடைவது என்பதையும் பள்ளி நடைப்பயிற்சியாற் பழக்குதல் வேண்டும்.

சொல்லும் சோதனையும்

இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவரும், காரைதீவிற் பிறந்தவருமாகிய விபுலாநந்த அடிகள், 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கலைச்சொல்லின் அருமையை அறிந்த அவ்வறிஞர் தோன்றிய நாட்டில், சொல்லை முன்னும் பொருளைப் பின்னும் வைத்தல் பொருந்தாது. ‘காய்ந்து போச்சு’ என்று பிள்ளை கூறுவதை முதலில் ஏற்று, பலமுறை கண்டபின் ‘ஆவியாதல்’ என்னும் சொல்லை அளித்தல் முறை.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு இம்முறை தடையாகும் என்று பெற்றோர் அஞ்சுதல் இயல்பே. நாள்தோறும் அளவீட்டுக்கு ஐந்து நிமிடமும், கிழமைக்கு ஒரு பாடவேளையுமே இத்திட்டம் வேண்டுவது. கண்டதை எழுதியும் வரைந்தும் கணக்கிட்டும் பழகிய பிள்ளை, வினாவைப் படித்து விடை தேடுவதிற் பின்னிற்காது. வாவிக்கரைக்குச் செல்லுங்கால் பெரியவர் துணையின்றிச் செல்லலாகாது. அவ்வாவியில் முதலைகளும் உள.

ஆண்டிறுதியில் ஆசிரியர் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று: பிள்ளை எதனைக் கண்டது? எவ்வாறு அளந்தது? அது பொய்யாயிருக்கக் கூடுமா என்று எவ்வாறு சோதித்தது? இம்மூன்றுக்கும் விடை கூறவல்ல பிள்ளை மேல்வகுப்பிற் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கற்கும்போது, அவற்றைத் தன் ஊரின் தொடர்ச்சியாகவே காணும்.