பனிமலைக்குள் புதைந்த முதலீடுகள்

ஐக்கிய அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில், கனேடிய எல்லையை அண்மித்து அமைந்துள்ளது ஜே பீக் என்னும் பனிச்சறுக்கு உல்லாசத்தலம். மாரியில் பனியைத் தவிர வேறு வருமானம் அதிகம் இல்லாத, வேலைவாய்ப்புக் குன்றிய பிரதேசம் அது. அத்தகைய ஒரு மலைக்கிராமத்துக்கு 74 நாடுகளைச் சேர்ந்தோரின் பணம் 350 மில்லியன் டொலருக்கும் மேலாக வந்து குவிந்தது. வந்த பணத்தில் பெரும்பகுதி உரிய வழியில் செல்லவில்லை என்பது 2016 ஏப்ரலில் உலகுக்குத் தெரியவந்தது. ஒரு மோசடி எவ்வாறு சட்டத்தின் நிழலிலேயே வளர முடிகின்றது என்பதை விளங்கிக்கொள்ள இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது.

இப்பணம் அங்கு சென்றமைக்குக் காரணம் பனிச்சறுக்கின் மீதான ஆர்வமன்று. 1990ஆம் ஆண்டு அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய குடிவரவுச் சட்டத்தின் கீழ் ஈ.பீ.5 எனப்படும் வீசா திட்டம் அறிமுகப்படுத்தப்பட்டது. கிராமப்புறங்களிலோ வேலையின்மை மிகுந்த பகுதிகளிலோ 5 இலட்சம் டொலரை முதலிட்டு, அதன்மூலம் 10 பேருக்கு முழுநேர வேலைவாய்ப்பு உருவாக வழிசெய்யும் வெளிநாட்டவர், தமது குடும்பத்தினருடன் நிரந்தர வதிவிட உரிமை பெறலாம் என்பதே அதன் சாரம். முதலில் கிடைப்பது 2 வருட நிபந்தனையுடன் கூடிய வதிவிடம் மாத்திரமே. வேலைவாய்ப்புகள் உருவானமை நிரூபிக்கப்பட்ட பின்னரே நிபந்தனை நீங்கும்.

மியாமி வர்த்தகரான ஏரியல் குயிரோஸ் 2008ஆம் ஆண்டு ஜே பீக்கை விலைக்கு வாங்கினார். அதன் தலைவராக பில் ஸ்டெங்கர் செயற்பட்டார். ஹோட்டல்கள், உள்ளக நீர்விளையாட்டு அரங்கு, விடுதிகள் எனத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிதி திரட்டப்பட்டது. ஒரு திட்டத்துக்கெனப் பெறப்பட்ட பணம் அத்திட்டத்துக்கே செலவிடப்படவேண்டும் என்பது உடன்படிக்கை. ஆனால், மலையையே விலைக்கு வாங்குவதற்கும் முதலீட்டாளர்களின் பணமே பயன்பட்டது என்றும், பின்னர் ஒரு திட்டத்தில் விழுந்த துண்டை அடுத்த திட்டத்தின் பணத்தைக் கொண்டு மூடினர் என்றும் அமெரிக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 200 மில்லியன் டொலருக்கும் அதிகமான தொகை முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதாகவும், அதில் 50 மில்லியன் டொலருக்கும் மேற்பட்ட தொகையை நியூயோர்க் நகரில் ஆடம்பர வீடு வாங்குதல், வரி செலுத்துதல் போன்ற தனிப்பட்ட தேவைகளுக்குக் குயிரோஸ் செலவிட்டதாகவும் அதன் மனு கூறியது.

கவனிக்கவேண்டிய விடயம் யாதெனில், இங்கு யாவும் வெறும் காகிதக் கோட்டைகளாக இருக்கவில்லை. ஹோட்டல்கள் உண்மையாகவே எழுந்தன. உல்லாசப் பயணிகள் வந்தனர். கண்ணுக்குத் தெரிந்த கட்டடங்களே கண்ணுக்குத் தெரியாத கணக்குகளுக்குத் திரையாயின. அண்மையிலுள்ள நியூபோர்ட் நகரில் அமையவிருந்த உயிர்மருத்துவ ஆய்வுத் தொழிற்சாலைக்கென 80 மில்லியன் டொலருக்கும் அதிகமாகத் திரட்டப்பட்டபோதிலும் அத்தொழிற்சாலை எழவேயில்லை. அந்நகரின் பிரதான வீதியில் இன்னொரு திட்டத்துக்காகக் கட்டடங்கள் இடிக்கப்பட்ட இடத்தில் பல வருடங்களாக எஞ்சியிருந்தது ஒரு பள்ளம் மாத்திரமே.

இத்தனை காலமும் இது வெளிவராமற் போனது ஏன்? முதலாவது காரணம், முதலீட்டாளரின் வாய் கட்டப்பட்டிருந்தமை. திட்டம் தோல்வியடைந்தால் பணத்துடன் வதிவிட உரிமையும் பறிபோகும். முறைப்பாடு செய்பவர் தமது பிள்ளைகளின் எதிர்காலத்துக்குத் தாமே குழிதோண்டுவதாக அஞ்சும் நிலை. முதல் ஹோட்டலில் தமக்கிருந்த பங்குரிமை முன்னறிவித்தலின்றி வெறும் கடனுறுதிப் பத்திரமாக மாற்றப்பட்டதை அறிந்த சிலர் 2014இல் குரலெழுப்பியபோதும் அது உடனடியாகச் செவிமடுக்கப்படவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் பாரதூரமானது. இத்திட்டத்துக்கான பிராந்திய நிலையத்தை வெர்மொன்ட் மாநில அரசே நடத்தியது. அரசியல் தலைவர்கள் இதற்கு ஆதரவாகப் பகிரங்கமாகப் பேசினர். அரசின் இலச்சினையைக் கண்ட வெளிநாட்டவர், இதனை அரசே கண்காணிக்கின்றது என நம்பினர். ஆனால் முதலீட்டை வரவழைக்கும் பொறுப்பும் அதனைக் கண்காணிக்கும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன. காவல்காரனே தரகனாகவும் இருக்கும் இடத்தில் காவல் பெயரளவிலானதாகவே இருக்கும்.

பின்னர் நீதி மெதுவாக நகர்ந்தது. நீதிமன்றம் நியமித்த பெறுநர் சொத்துகளைப் பொறுப்பேற்றார். பணம் கைமாறிய கணக்குகளைப் பேணிய ரேமண்ட் ஜேம்ஸ் நிதி நிறுவனம் 2017இல் ஏறத்தாழ 150 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. 2019இல் குற்றவியல் வழக்குத் தொடுக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட குயிரோஸுக்கு 2022 ஏப்ரலில் 5 வருடச் சிறைத்தண்டனையும், அரசுக்குப் பொய்யான ஆவணம் சமர்ப்பித்ததை ஒப்புக்கொண்ட ஸ்டெங்கருக்கு 18 மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன. அதே வருடத்தில் ஜே பீக் 76 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. மாநில அரசும் 2023இல் 16.5 மில்லியன் டொலர் வழங்க உடன்பட்டது. ஆயினும் இழந்த வருடங்களை எந்த இணக்கப்பாடும் திருப்பித் தரப்போவதில்லை. வேலைவாய்ப்பு உருவாகாத திட்டத்தில் சிக்கியோர் பணத்தை மாத்திரமன்றி, எந்த நாட்டில் வாழ்வோம் என்ற நிச்சயத்தையும் இழந்தனர்.

2022 மார்ச்சில் அமெரிக்க காங்கிரஸ் இத்திட்டத்தைச் சீர்திருத்தி, குறைந்தபட்ச முதலீட்டை 8 இலட்சம் டொலராக உயர்த்தியதுடன், நிதியைச் சுயாதீனமாகக் கண்காணிக்கும் ஏற்பாடுகளையும் புகுத்தியது. வெள்ளம் வடிந்தபின் கட்டிய அணையாயினும் அது தேவையான அணையே.

குடும்பத்தின் நல்வாழ்வுக்காக உழைத்துச் சேர்த்ததை வேறொரு நாட்டவரின் கையில் ஒப்படைப்பவர் பேராசைக்காரரல்லர்; நம்பிக்கை வைத்தவர். அந்த நம்பிக்கைக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டியது அரசின் கடமை. அதேவேளை, அரசின் முத்திரை இருக்கின்றது என்பதை மாத்திரம் உத்தரவாதமாகக் கொள்ளலாகாது. பணம் எந்தக் கணக்கில் இருக்கின்றது, அதில் கையொப்பமிடுபவர் யார், அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்காத இடத்தில் பணத்தை வைக்காதிருப்பதே விவேகம் என்பது எமது கருத்தாகும்.