மாற்ற வேண்டியது துரையையா, கம்பனித் தலைமையையா?

மலையகத்தில் ஒரு தோட்டத்தின் கொழுந்து நிறை இறங்கினால் முதலில் மாறுபவர் தோட்ட முகாமையாளரான பெரிய துரைதான். ஹட்டன் பக்கத்திலிருந்து நுவரெலியாப் பக்கம் அனுப்பப்படுகிறார், அவரிடத்துக்கு இன்னொருவர் வருகிறார். கொழும்புத் தலைமை அலுவலகத்தில் மட்டும் அதே பணிப்பாளர்கள் இருக்கிறார்கள். துரையின் தவறு ஒரு பருவத்திலேயே வெளிப்பட்டுவிடும். தலைமையின் தவறு வெளிப்படப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும், அதுவரை இலாபக் கணக்கு அதை மூடிவைக்கும். அதனால் பெருந்தோட்டக் கம்பனியொன்றின் தலைமை மாற வேண்டிய காலம் வந்துவிட்டதா என்பதை ஆண்டறிக்கையில் தேடிப் பயனில்லை. மலைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தேயிலைச் செடியின் இயல்பே இதற்குக் காரணம். பழைய செடிகளைப் பிடுங்கி, நிலத்தைப் பண்படுத்தி, தவறணைக் கன்றுகளை நட்டால் சில ஆண்டுகளுக்கு அந்த மலையிலிருந்து வருமானம் இல்லை, செலவு மட்டுமே. மீள்நடுகையைத் தள்ளிப்போடும் தலைவருக்கு அதே ஆண்டுகளில் இலாபம் கூடுதலாகத் தெரியும், பங்குதாரர் கூட்டத்தில் பாராட்டும் கிடைக்கும். ஆண்டுக்கு 2 வீத நிலத்திலாவது மீள்நடுகை நடக்க வேண்டும் என்று தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அப்படிச் செய்தாலும் ஒரு தோட்டம் முழுவதும் புதிதாக 50 ஆண்டுகள் ஆகும். பல கம்பனிகள் 1 வீதத்தைக்கூட எட்டவில்லை. ஆட்களின் கணக்கும் இதையே சொல்கிறது. 1992இல் கம்பனிகள் பொறுப்பேற்றபோது மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த தோட்டத் தொழிலாளர் தொகை இன்று அதில் பாதிகூட இல்லை. லயத்தில் பிறந்த பிள்ளை கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போவதைத் தொழிலாளர் பற்றாக்குறை என்று அறிக்கையில் எழுதிவிடலாம். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் நிலைத்து நிற்கும் ஆட்கள் இங்கே மட்டும் ஏன் நிற்பதில்லை என்று கேட்காத தலைமை, தன் வேலையின் பாதியைக் கைவிட்டுவிட்டது.

1992இல் நடந்தது இலேசான மாற்றமல்ல. அரச நிறுவனங்களான ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருந்த தோட்டங்கள் இருபதுக்கும் மேற்பட்ட கம்பனிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. சராசரியாக ஒவ்வொன்றுக்கும் இருபது தோட்டங்கள் வரை கிடைத்தன. ஒரு தோட்டத்தைத் திறமையாக நடத்தியவர் இருபது தோட்டங்களையும், அவற்றின் ஆயிரக்கணக்கான குடும்பங்களையும், ஏல விற்பனையையும், தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையையும் சேர்த்து நடத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இது அவருக்கு இழுக்கல்ல, வேலையே வேறு. கம்பனி வளர்ந்த அளவுக்குத் தலைமை வளரவில்லை என்பதற்கு நான் காணும் உறுதியான அடையாளம், கெட்ட செய்தி மேலே போய்ச் சேராமல் நின்றுவிடுவது. கான் வெட்டவில்லை, கவ்வாத்து பிந்திவிட்டது என்பது கங்காணிக்கும் வெளிக்கள உத்தியோகத்தருக்கும் தெரியும். துரைக்கும் தெரியும். பணிப்பாளர் சபைக்கு மட்டும் தெரியாது. சொன்னவர் தண்டிக்கப்படும் இடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

வானிலை, உலகச் சந்தை, சம்பள உயர்வு, 2021இன் இரசாயன உரத் தடை ஆகியவற்றுக்குத் தலைமை என்ன செய்யும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியைத் தரும் சிற்றுடைமையாளர்களும் அதே உரத் தடையைத் தாங்கியவர்கள்தாமே என்று எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தாழ்நிலத்தவர், அவர்களுடைய செடிகளும் இளையவை. அந்த ஒப்பீடு முழுதாகச் சரியல்ல. சரியான ஒப்பீடு ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்துள்ள இரு கம்பனிகளின் தோட்டங்களுக்கு இடையே செய்வது. மழையும் ஏலமும் சம்பளமும் ஒன்றாக இருந்து விளைச்சல் மட்டும் ஆண்டுக்காண்டு விலகிப்போனால், வெளிக்காரணம் சொல்ல இடமில்லை.

அடிக்கடி தலைமையை மாற்றினால் கேடு என்பது இரண்டாவது மறுப்பு. அதற்கும் இங்கே சான்று உண்டு. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானதும் நிர்வாகத்துக்குள் அரசியல் நுழைந்தது, நட்டம் குவிந்தது. 1992இல் ஐந்தாண்டு முகாமைத்துவ ஒப்பந்தம் மட்டும் கொடுத்தபோது, ஐந்தாண்டில் பலன் தராத கன்றை நட எவருக்கும் மனம் வரவில்லை. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை வந்தது. இருந்தும் மீள்நடுகை போதவில்லை. ஆகவே குறுகிய காலமும் நீண்ட காலமும் தாமாக எதையும் தீர்க்கவில்லை. எதை வைத்துத் தலைமையை அளந்தோம் என்பதில்தான் பிழை.

மாற்றும் முறையும் முக்கியம். இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 1852 முதல் லூல்கந்துரத் தோட்டத்திலேயே உழைத்தவர். 1892இல் அவரை விலகச் சொன்னார்கள். அவர் மறுத்தார், அதே ஆண்டு மே மாதம் இறந்தார். நாற்பதாண்டு அறிவை வாசலில் நிறுத்தி அனுப்புவது கொடுமை, கம்பனிக்கும் நட்டம். பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அந்த அறிவை ஆலோசனைக்கு வைத்துக்கொள்ள வழி உண்டு.

குத்தகைகள் 2045இல் முடிகின்றன. இன்று நடும் கன்றின் முழுப்பலனும் அதற்குள் கிடைக்காது என்பதால், நடாமலிருக்கும் ஆசை இனி வலுக்கும். கம்பனிகளில் அரசுக்குத் தங்கப் பங்கு எனப்படும் சிறப்புரிமைப் பங்கு இருக்கிறது, கணக்கேடுகளைப் பார்க்கும் உரிமையும் அதோடு வருகிறது. இலாபக் கணக்குக்கு முன்னால் ஒவ்வொரு மலையிலும் செடியின் வயது என்ன, கடந்த ஐந்தாண்டில் எத்தனை ஹெக்டேயர் நட்டார்கள், பெயர் பதிந்தவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று திறைசேரி கேட்கட்டும். பதில் இரண்டு முறை தொடர்ந்து மோசமாக இருந்தால், இடமாற்றக் கடிதம் துரைக்குப் போகாமல் பணிப்பாளர் சபைக்குப் போகட்டும்.