ஙி எந்த வார்த்தையில் வரும்?

ஒன்றாம் வகுப்புக்கு முப்பது வருஷம் பாடம் எடுத்தவள் நான். கரும்பலகையில் ங, ஙா, ஙி எழுதும்போதெல்லாம் ஏதாவது ஒரு வாண்டு கேட்கும்: "டீச்சர், ஙி எந்த வார்த்தையில வரும்?" ங-வுக்கு அங்ஙனம், இங்ஙனம் என்று சமாளிப்பேன். ஙி-க்கு, "முதல்ல எழுதிப் பழகு" என்பதுதான் பதில்.

ஓய்வு பெற்றபின் சரியான பதில் கிடைத்தது, கிரீன்லாந்து மொழியைப் பற்றிப் படித்தபோது. கலால்லிசுத் என்று பெயர். 1851-இலேயே இதற்குப் பெரிய இலக்கணம் எழுதினார், அங்கேயே பிறந்த மிஷனரி சாமுவேல் கிளைன்ஷ்மிட். 2009 முதல் அதுதான் அந்த நாட்டின் ஒரே ஆட்சிமொழி.

இந்த மொழியில் வேர்ச்சொல் முன்னால் நிற்கும். மற்றதெல்லாம் பின்னால் வந்து ஒட்டும். 'நெரி' என்பது சாப்பிடுதலுக்கான வேர். நெரிவுங என்றால் சாப்பிடுகிறேன். நெரிஸ்ஸாங, சாப்பிடுவேன். நெரெருசுப்புங, சாப்பிட ஆசைப்படுகிறேன். ஒட்டும் இடத்தில் ஓசை மாறுவது நம் புணர்ச்சி போலத்தான். கடைசியில் நிற்கும் 'ங'தான் 'நான்'. சரி, சாப்பிடவில்லை என்பதற்கு? நெரிங்ஙிலங. நடுவில் பாருங்கள், ங்ஙி! அதுதான் 'இல்லை'.

எனக்குப் பிடித்த விகுதி 'கலுஅர்'. நெரெருசுக்கலுஅர்ப்புங என்றால், சாப்பிட ஆசைதான், ஆனால்... கல்யாணத்துக்குப் போகாதவர்கள் "வரணும்னுதான் இருந்தேன்" என்று இழுப்பார்களே, அந்த இழுவை முழுக்க இந்த ஒரு விகுதிக்குள் இருக்கிறது.

மொழியியலாளர்கள் விரும்பிக் காட்டும் ஒரு சொல் உண்டு. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: துசாங்ஙித்சூசார்துஆன்னர்சின்னாங்ஙிவிப்புதித். துண்டு போட்டால் பயம் போய்விடும். துசா, கேட்பது. ங்ஙித், இல்லை. சூசார், பாசாங்கு. துஆன்னர், எப்போதும். சின்னா, முடியும். ங்ஙிவிப், இல்லவே இல்லை. புதித், நீ.

இதில் ஙி இரண்டு முறை வருகிறது. முதல் ஙி கேட்பதை மட்டும் மறுக்கிறது: கேட்காமல். இரண்டாவது, அதுவரை சேர்ந்த அத்தனையையும் மொத்தமாக மறுக்கிறது: முடியவே முடியாது. ஒவ்வொரு விகுதியும் தனக்கு முன்னால் வந்ததன் மேல்தான் வேலை செய்யும். இடம் மாறினால் பொருளும் மாறும்.

முழுப் பொருள் இது: "கேட்காத மாதிரியே எப்பவும் நடிச்சிட்டு இருக்க உன்னால முடியவே முடியாது."

கடைசி பெஞ்சைப் பார்த்து தினமும் நான் சொன்னதை, கிரீன்லாந்துக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்.