சோற்றை விட்டவரும் எண்ணெயை விட்டவரும்

எடைக் குறைப்பு உணவுமுறைகள் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே போகும் கலோரியைக் குறைப்பவைதான். பேலியோவில் சோறு போகிறது, கொழுப்பு குறைந்த முறையில் எண்ணெய் போகிறது, நேரக்கட்டுப்பாட்டு விரதத்தில் ஒரு வேளைச் சாப்பாடே போகிறது. முதல் ஆறு மாதம் எதிலும் பெரும்பாலோருக்கு எடை இறங்கும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 609 பேர் சேர்ந்தனர். ஓராண்டில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தனர். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. ஆனால் இரு குழுவிலுமே சிலர் 20 கிலோவுக்கு மேல் இறங்கினர், சிலருக்கோ எடை கூடியது. சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் நடந்த 2022 ஆய்விலும், கலோரியைக் குறைத்தவர்களைவிட அதோடு நேரக்கட்டுப்பாட்டையும் கடைப்பிடித்தவர்கள் பெரிதாக மிஞ்சவில்லை.

இறங்கிய எடை மீண்டும் ஏறுவதற்கு மனஉறுதிக் குறைவு மட்டுமே காரணம் என்பது அநியாயமான பழி. எடை குறைந்த உடல் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. ஓராண்டுக்குப் பிறகும் இந்த மாற்றம் நீடிப்பதை 2011-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் காட்டினர்.

சோறே பிரதானமான ஊரில் இந்த முறைகள் எப்படி எடுபடும்? சிவகங்கை மாவட்டத்தின் காளையார்கோவில் வட்டாரம் கண்மாய்ப் பாசன நெல் பூமி. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்றால் மூன்று வேளையும் அரிசிதான். இந்தியர் உணவில் சுமார் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருவதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது. செட்டிநாட்டுக் கவுனி அரிசி தவிடு நீக்காதது, சரி. இலைக்கு வரும்போது சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து இனிப்பாகிவிடுகிறது. ஒரே பானைச் சோற்றை எல்லோரும் உண்ணும் வீட்டில், மொய் விருந்தும் திருவிழாவும் தொடர்ந்து வரும் ஊரில், சோற்றை அடியோடு விட்டவர் எத்தனை மாதம் தாங்குவார்? 100 கிராம் சோறு ஏறக்குறைய 130 கலோரி. வேளைக்கு ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன், பொரியல் வைப்பது இரண்டாம் ஆண்டிலும் நடக்கக்கூடியது. மீன் குழம்பில் மிதக்கும் எண்ணெயும் கணக்கில் வரும்: ஒரு தேக்கரண்டிக்கு 45 கலோரி.

தராசு அசையாவிட்டாலும் பலன் இல்லாமல் போவதில்லை. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த, 2006-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்ந்தனர். உணவையும் நடைப்பயிற்சியையும் சீர்படுத்திய குழுவில் மூன்றாண்டில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையோ ஏறக்குறைய அப்படியே இருந்தது.