உங்களுக்குத் தெரியுமா?
போப்பாண்டவர் முன் ஒலித்த எலும்புக்கூட்டின் சண்டை இசை

2022 ஜனவரி 5. வாடிகனில் போப் பிரான்சிஸ் மக்களைச் சந்திக்கும் கூட்டம். அங்கே சர்க்கஸ் கலைஞர்கள் சாகசம் செய்து காட்டினார்கள். பின்னணியில் ஒலித்தது ‘மெகலோவேனியா’. ‘அண்டர்டேல்’ என்ற வீடியோ கேமில் சான்ஸ் என்னும் எலும்புக்கூட்டோடு மோதும்போது வரும் இசை அது!

• 2015 செப்டம்பரில் வெளியான பிக்சல் கேம் ‘அண்டர்டேல்’. கதை, இசை, பெரும்பகுதி புரோகிராமிங் எல்லாமே அமெரிக்க இளைஞர் டோபி ஃபாக்ஸின் கைவண்ணம்.

• பூமிக்கடியில் அரக்கர்களின் உலகம். அதில் தவறி விழும் ஒரு குழந்தைதான் நாயகர். ஒரு அரக்கரைக்கூடக் கொல்லாமல் கேமை முடிக்கலாம். பேசலாம், பாராட்டலாம், மன்னித்து விட்டுவிடலாம்.

• நாப்ஸ்டாப்ளூக் ஓர் அழுமூஞ்சிப் பேய். அதன் கண்ணீர்த் துளிகளே அதன் ஆயுதம். ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னால், அந்தக் கண்ணீரையே தொப்பியாக்கித் தலையில் வைத்துக் காட்டும்.

• டோரியல், குழந்தையைத் தாய்போலக் காப்பவள். அவளைக் கொன்றுவிட்டு, மனம் வருந்திப் பழைய ‘சேவ்’ இடத்திலிருந்து மறுபடி ஆடி அவளைக் காப்பாற்றினாலும் தப்ப முடியாது. ஃப்ளவி என்ற சிரிக்கும் பூவுக்கு நீங்கள் செய்தது நினைவிருக்கும். முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டும்.

• இந்த கேமை உருவாக்க, 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ஃபாக்ஸ் கேட்ட நிதி 5,000 டாலர். ரசிகர்கள் கொடுத்ததோ 51,000 டாலருக்கும் மேல்!