தொலைக்களஞ்சியத்தின் முகவரி

2005ஆம் ஆண்டில் லினஸ் ரோவால்ட்ஸ் ஆக்கிய 'கிற்', நிரல்களின் திருத்த வரலாற்றைப் பேணுவது. தொலைவிலுள்ள களஞ்சியம் வேறிடம் மாறியதும், தம் கணினியிலுள்ள பிரதியை அழித்துவிட்டுப் புதிதாய் இறக்குவோர் உளர். நாமும் ஒருகால் அவ்வாறு செய்து, அனுப்பாதிருந்த இரு நாள் வேலையை இழந்தோம். அழித்தல் வேண்டியதேயில்லை. வரலாறு முழுவதும் பிரதியினுள்ளேயே உளது, மாறவேண்டியது, '.கிற்' என்னும் உறையிலுள்ள 'கொன்பிக்' கோப்பிற் பொறித்த முகவரியொன்றே.

'கிற் றிமோட் -வி' என்றால் பழைய முகவரி இரு வரிகளில் தோன்றும்: பெறுதற்கொன்று, அனுப்புதற்கொன்று. 'கிற் றிமோட் செற்-யூஆர்எல் ஒறிஜின்' என எழுதி, அடுத்துப் புது முகவரியை இடுக. 'ஒறிஜின்' என்பது தொலைக்களஞ்சியத்துக்கு வழக்கமாய் இடும் பெயர். முகவரி பிழைபடினும் கிற் அப்போது வாய் திறவாது! 'கிற் பெற்ச்' என ஏவிய பின்னரே பிழை வெளிப்படும்.