அமெரிக்கக் கல்லூரி ஜிம்னாஸ்ரிக்ஸ்: வாகையரைத் தெரியும் முறை

போட்டி ஒன்றில் வென்றவர் யாவர் என வினவுதல் எளிது. வென்றவரைத் தெரிந்தெடுத்த முறை தக்கதுதானா என வினவுதல் அத்துணை எளிதன்று. விளையாட்டில் ஈடுபாடுடைய எம் பழைய மாணவர்களும் இன்றைய மாணவர்களும் இவ்வினாவை ஆராய்தற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மகளிர் கல்லூரி ஜிம்னாஸ்ரிக்ஸ் போட்டியிலே கிடைக்கின்றது.

தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கம் இவ்வாகைப் போட்டியை 1982ஆம் ஆண்டு தொடங்கிற்று. அவ்வாண்டு சோல்ட் லேக் சிற்றியில் யூட்டா சர்வகலாசாலை முதல் வாகையைச் சூடியது. முறையை ஆராயுமுன் புள்ளியிடும் விதத்தை அறிதல் வேண்டும். தாவு மேசை, உயரத்தில் வேறுபட்ட இரு சலாகைகள், சமநிலைச் சட்டம், தரை என நான்கு பிரிவுகள் உள. ஒவ்வொன்றிலும் ஓரணியின் அறுவர் தம் திறமையைக் காட்டுவர். அவருட் சிறந்த ஐவரின் புள்ளிகளே கணக்கிற் சேரும். ஒருவருக்கு உச்சப் புள்ளி 10. ஆகவே அணியின் முழுத்தொகை 200. கீழே விழுந்தவருக்கு 0.5 கழிக்கப்படும். ஒருவர் மாத்திரம் விழின் அவர் புள்ளியை விலக்கிவிடலாம். இரண்டாமவரும் விழின் அக்குறையை அணி சுமந்தே தீரவேண்டும். அரைப் புள்ளிதானே என எண்ணுவோர் 2021ஆம் ஆண்டின் இறுதி முடிவை நோக்குக: மிச்சிகன் 198.2500, ஒக்லகோமா 198.1625. இரண்டுக்கும் இடையே இருந்தது 0.0875 மாத்திரமே.

பருவகாலத்தில் அணிகளை வரிசைப்படுத்தும் விதியும் இத்தகைய இரக்கமுடையதே. ஓரணி பெற்ற தொகைகளுள் உயர்ந்த ஆறு எடுக்கப்படும். அவற்றுள் மூன்றேனும் வெளிக்களங்களிற் பெற்றனவாதல் வேண்டும். ஆறனுள் மிகவுயர்ந்ததைத் தள்ளி எஞ்சிய ஐந்தின் சராசரியைக் காண்பர். ஒருநாட் சறுக்கல் அணியைக் கெடுக்காது. ஒருநாள் வந்த அதிட்டமும், சொந்த ஊர் நடுவரின் தாராளமும் அணியை உயர்த்திவிடா. இதனை வகுத்தோர் அறிவுடையோர் என்பதில் எமக்கு ஐயமில்லை.

பருவகாலம் முடிந்து வாகைச் சுற்றுக்கள் தொடங்கியதும் இவ்விரக்கம் மறைந்துவிடுகின்றது.

1993 முதல் 2018 வரை, தேசியச் சுற்றுக்குப் பன்னிரண்டு அணிகள் வந்தன. அரையிறுதி இரண்டிலும் அவ்வாறு அணிகள் போட்டியிட, ஒவ்வொன்றிலும் முதல் மூன்று அணிகள் இறுதிக்கு ஏறின. ஆறு அணிகள் மோதிய அவ்விறுதியை மக்கள் 'சூப்பர் சிக்ஸ்' என்றனர். ஆறு அணிகளுக்கு நான்கு பிரிவுகளே இருந்தமையால் எந்நேரமும் இரண்டு அணிகள் வாளாவிருந்தன. ஓரணி மூன்று பிரிவுகளை முடித்திருக்க, மற்றோரணி இரண்டையே முடித்திருக்கும். யார் முன்னிற்கின்றார் என்பதைக் காண்போர் எழுதுகோலும் தாளும் கொண்டு கணக்கிடல் வேண்டும். ஓரணிக்கு 24 ஆட்டமாக மொத்தம் 144 ஆட்டங்கள்! எனினும் அம்முறையின் கடைசி இறுதி மறக்கற்பாலதன்று. 2018இல் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெங்-பெங் லீ சமநிலைச் சட்டத்தில் 10 பெற்று முடிக்க, அவரணி 0.0375 புள்ளியால் ஒக்லகோமாவை வென்றது.

2019இல் முறை மாற்றப்பட்டது. முப்பத்தாறு அணிகள் நான்கு இடங்களிலே பிரதேசச் சுற்றில் இறங்க, இடத்துக்கு இரண்டாக எட்டு அணிகள் தேசியச் சுற்றுக்கு வந்தன. அரையிறுதிக்கு நான்கு அணிகள், அவற்றுள் இரண்டே மேலேறும், இறுதியிலும் நான்கே. பிரிவுக்கு ஓரணியாக அனைத்தும் ஒருங்கே தொடங்கி ஒருங்கே முடியும். 144 ஆட்டங்கள் 96 ஆகக் குறைந்தன. தொலைக்காட்சியிற் காண்போர்க்கு இது பெரும் நன்மை; அதனை மறுத்தல் நேர்மையாகாது.

ஆனால் விலை யாது? 2022இலும் 2023இலும் வாகை சூடிய ஒக்லகோமா, 2024இல் முதல் நிலை அணியாகவே போர்ட் வேர்த் நகருக்கு வந்தது. அரையிறுதியில் தாவு மேசையிற் பலர் தவறினர், அணி வெளியேறிற்று. அவ்வாண்டு வாகை சூடிய லூயிசியானா மாநிலச் சர்வகலாசாலை 2025இல் முதல் நிலை அணியாக வந்து, அதுவும் அரையிறுதியோடு நின்றது. இறுதியில் ஒக்லகோமா வென்றது. இரு நடப்பு வாகையர் அடுத்தடுத்து இறுதி மேடையையே காணவில்லை.

"அன்றன்று வல்லவரே வல்லவர், விழுந்தவர் விழுந்தவரே" என்பார் உளர். நூறு மீற்றர் ஓட்டத்திலும் தகுதிகாண் சுற்றில் இடறியவன் இறுதியில் ஓடுவதில்லையே எனவும் அவர் வாதிப்பர். வாதம் வலியதே. ஆயினும் ஓட்டக்காரன் தன் இடறலால் வீழ்கின்றான். இங்கோ இருவரின் இடறலால், தவறேதும் செய்யாத தோழியரும் வீழ்கின்றனர். நான்காண்டு பயின்ற இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு, வேறிருவர் விழுந்த அப்பொழுதே கல்லூரி ஜிம்னாஸ்ரிக்ஸ் வாழ்வு முடிந்துவிடுகின்றது. அன்றியும், வலிய குழுவில் மூன்றாவதாக வந்த அணி, மெலிய குழுவில் இரண்டாவதாக வந்த அணியினும் கூடிய புள்ளி பெற்றும் வெளியேற நேரலாம். இரு அரையிறுதிகளிலும் பெற்ற புள்ளிகளை ஒப்புநோக்கி நால்வரைத் தெரியலாமே எனின், வெவ்வேறு வேளைகளில் இடப்பட்ட புள்ளிகளை ஒரே தராசில் நிறுத்தல் எளிதன்று.

ஒலிம்பிக் இறுதியைப் போல எட்டு அணிகளையும் ஒருங்கே இறக்கலாமோ? ஆங்கு ஒரு பிரிவில் இரண்டு அணிகள் மாறிமாறி ஆடும். ஆனால் அணிக்கு மூவரே இறங்குவர். அறுவர் இறங்கும் கல்லூரிப் போட்டியில் ஒரு பிரிவில் ஒரு சுற்றிலேயே பன்னிருவர் ஆடவேண்டும், மாலை நள்ளிரவாகும்.

எம் கருத்து வேறு. எட்டு அணிகளும் இரண்டு நாளும் ஆடட்டும். நான்கு நான்காக, இரு வேளைகளில். முதல்நாள் முடிவின்படி முன்னிற்கும் நான்கும் இரண்டாம் நாள் மாலையிலும், ஏனைய நான்கும் பகலிலும் இறங்கட்டும். இருநாட் கூட்டுத்தொகையே வாகையை முடிவுசெய்யட்டும். ஒரே நடுவர் குழு இரண்டு நாளும் எல்லா அணிகளுக்கும் புள்ளியிடட்டும். பிரிவுக்கு ஓரணி என்னும் ஒழுங்கு சிதையாது, காண்போர்க்கும் குழப்பமில்லை. முதல்நாள் இருமுறை விழுந்த அணி பெரும்பாலும் வெல்லாது என்பது உண்மையே. எனினும் மறுநாள் எழுந்து ஆடும் உரிமை அதற்கு இருக்கும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பகலில் ஆடிய ஐந்தாம் அணி பெருந்தொகை ஈட்டிவிட்டால், மாலையில் ஆடும் அணிகள் எட்டவேண்டிய இலக்கை முன்னரே அறிந்து இறங்கும். பகலணியோ பார்வையாளர் வரிசையிலிருந்து தன் விதி முடிவாகும் வரை காத்திருக்கவேண்டும்.